பனிமலைக்குப் பிள்ளையைத் தனியே அனுப்புதல்

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை, பள்ளித் தோழர்களோடு காஷ்மீருக்குப் போய்ப் பனிச்சறுக்குக் கற்றுவர வேண்டுமென்று விருப்பம் தெரிவிக்கும்போது, பனியைத் திரைப்படத்திலன்றி வேறெங்கும் கண்டறியாத நம் வீடுகளில் முதலில் எழுவது பயமும், அந்தப் பயத்திலிருந்து பிறக்கும் 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லுமே ஆகும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதனை மறுப்புக்குக் காரணமாக்குவதோடு நிறுத்திவிடாமல், எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உரிய ஆயத்தத்தைச் செய்வோமானால், அதே பயம் பிள்ளைக்குப் பாதுகாப்பாக மாறிவிடும்.

இந்த அத்தியாயம் காஷ்மீரில் உள்ள குல்மார்க்கை முன்வைத்து எழுதப்பட்டது. உத்தராகண்டத்தில் உள்ள ஔலிக்கும், இமாசலப் பிரதேசத்தில் மணாலியை அடுத்த சோலாங்குக்கும் இதில் சொல்லும் முறை பெரும்பாலும் பொருந்தும். இதில் கூறப்படும் யோசனைகள் அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே: சரிவில் ஆபத்து நேரும் தறுவாயில் தாயோ தந்தையோ பக்கத்தில் இருக்கப் போவதில்லை, ஆகையால், 'என்னால் முடியவில்லை, நிறுத்திக்கொள்கிறேன்' என்று கூசாமல் சொல்லக் கற்ற பிள்ளையே பத்திரமாகத் திரும்பக்கூடிய பிள்ளை. அந்தப் பழக்கம் மலையில் உண்டாவதில்லை. புறப்படுவதற்கு வெகுநாள் முன்னதாகவே வீட்டில் உண்டாக வேண்டும்.

சம்மதம் சொல்லுமுன்

கிணற்றில் நீச்சல் கற்பிப்பவர் இடுப்புக் கயிற்றை ஒரே நாளில் அவிழ்த்துவிடாமல், கைகால் பழகப் பழகச் சிறிது சிறிதாகத் தளர்த்துவது போல, தனிப் பிரயாணத்திற்கான உரிமையையும் மூன்று மாத காலத்தில் படிப்படியாகக் கொடுப்பதே உத்தமம். வரிசை இது:

1. வெளியூரில் ஓரிரவு. உறவினர் வீட்டுக்கோ பள்ளி முகாமுக்கோ பஸ்ஸிலோ ரயிலிலோ தனியே போய்வரச் செய்யுங்கள். டிக்கெட் எடுப்பதும் இறங்குமிடம் விசாரிப்பதும் பிள்ளையின் பொறுப்பாகவே இருக்கட்டும்.
2. தன் உடைமை தன் பொறுப்பு. மூட்டை கட்டுதல், துணி துவைத்து உலர்த்துதல், மருந்தை வேளை தவறாமல் உண்ணுதல் ஆகிய மூன்றையும் ஒரு மாதம் யாரும் நினைவூட்டாமல் செய்யட்டும்.
3. பணக் கணக்கு. ஒரு வாரச் செலவுக்குரிய தொகையைக் கொடுத்து, மீதியையும் கணக்கையும் வார முடிவில் கேளுங்கள்.
4. கெட்ட செய்தியைச் சொல்லும் பழக்கம். இது நான்கனுள்ளும் பிரதானமானது. தொலைத்த பொருளையும் தவறவிட்ட பஸ்ஸையும் பற்றிப் பிள்ளை உடனே வந்து சொல்கிறதா, மறைத்துவைத்துப் பின்னர் அகப்பட்டுக்கொள்கிறதா என்று கவனியுங்கள். மறைக்கிறது என்றால், நாம் கேட்கும் முறையிலே குறை உண்டா என்று யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்ன கணத்திலேயே ஏச்சு வாங்கும் பிள்ளை, முழங்கால் வீங்கினாலும் அதை வீட்டுக்குச் சொல்லாது.

இவற்றுள் எது தேறவில்லையோ அதை மீண்டும் செய்யச் சொல்லுங்கள். நான்கும் தேறாதவரையில் முன்பணம் கட்ட வேண்டாம். ஓராண்டு பொறுத்துப் போவதனால் பனி எங்கும் போய்விடாது.

இடமும் காலமும்

குல்மார்க், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்குமேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த மலைப்புல்வெளி. நம் உதகமண்டலத்தைவிட அது ஏறக்குறைய 400 மீட்டர் உயரம். அங்கிருந்து புறப்படும் 'கோண்டோலா' என்னும் கம்பிவடப் பெட்டி, முதற்கட்டத்தில் சுமார் 3,080 மீட்டர் உயரமுள்ள கொங்தோரிக்கும், இரண்டாம் கட்டத்தில் அபர்வத் மலையின் தோளில் சுமார் 3,950 மீட்டர் உயரத்திற்கும் ஆட்களை ஏற்றிச் செல்கிறது. முதல் முறையாகக் கற்கவரும் பிள்ளைக்கு இவ்விரு கட்டங்களும் தேவையில்லை. கோல்ஃப் மைதானத்தை அடுத்துள்ள மென்மையான சரிவுகளே போதும்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தைச் சார்ந்த இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கிலேயே வகுப்புகள் நடத்துகிறது. ஔலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகமும், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாயி பெயரால் அமைந்த மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் குளிர்காலத்தில் கற்பிக்கின்றன. சேரத்தக்க வயதும் கட்டணமும் தேதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அந்தந்த நிறுவனத்திடம் நேரடியாக எழுதிக் கேட்டறிவதே முறை. ஔலிக்குப் போவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும்: ஔலிக்குக் கீழுள்ள ஜோஷிமட்டில் நிலம் அமிழ்ந்ததை முன்னிட்டு, அங்கிருந்து ஔலிக்குச் செல்லும் ரோப்வே 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது, ஆகையால் சாலை வழியாகச் செல்லத் திட்டமிடுவதே பத்திரம்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் நம்மவர் பெரும்பாலும் செய்யும் பிழை, அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குள் பிரயாணத்தை அடக்கிவிட முயல்வது. டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர்க் காலத்தைக் காஷ்மீர மக்கள் 'சில்லை கலான்' என்பர். குளிர் உறைப்பது அப்போதுதான் என்றாலும், கற்பதற்குப் போதிய பனி படிந்திருக்கும் என்ற உறுதி டிசம்பரில் இல்லை. 2024 ஜனவரியின் பெரும்பகுதியில்கூடக் குல்மார்க்கின் புல்வெளி பனியின்றி வெறிச்சோடிக் கிடந்தது. ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி முடிவு வரையிலான காலமே நம்பத்தக்கது. பொதுத்தேர்வுக்குரிய ஆண்டாயிருந்தால், பிரயாணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே விவேகம்.

நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை

பள்ளியாயினும் சரி, பிரயாண ஏற்பாட்டாளராயினும் சரி, கீழ்வரும் கேள்விகளுக்கு எழுத்து மூலமாகப் பதில் பெறுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் பிள்ளையை ஒப்படைக்கத் தயங்குவதில் தவறில்லை.

1. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்? தொடக்க நிலையில் எட்டுப் பேருக்கு மேற்பட்டால் ஒவ்வொருவரையும் கவனிப்பது கடினம்.
2. பயிற்சியாளர் எங்கே பயின்றவர்? முதலுதவிச் சான்று உண்டா?
3. உடன்செல்லும் பெரியவர்கள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகள் இருப்பின் பெண் ஆசிரியை உண்டா? இரவில் அறைகளுக்கு யார் பொறுப்பு?
4. தலைக்கவசம் கட்டாயமா? வாடகைக்குக் கொடுக்கிறார்களா?
5. கற்போர் கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்திற்கும், குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியேயும் போகக் கூடாதென்ற விதி உண்டா? அதை மீறிய மாணவரை என்ன செய்வார்கள்?
6. காயம் பட்டால் எங்கே, எந்த வண்டியில், எவ்வளவு நேரத்தில் கொண்டு போவார்கள்? ஸ்ரீநகரில் பர்சுல்லாவில் எலும்பு, மூட்டுச் சிகிச்சைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. பனி கொட்டும் நாளில் அங்கே போய்ச் சேரும் வழியை ஏற்பாட்டாளர் முன்னரே சிந்தித்து வைத்திருக்க வேண்டும்.
7. அறையைச் சூடாக்குவது எதனால்: மின்சாரமா, விறகு அடுப்பா, எரிவாயுவா?

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணப் பிரயாணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகளை விலக்கி வைப்பது வழக்கம். 'பனிச்சறுக்கு' என்ற பெயர் பாலிசியில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

2025 ஏப்ரலில் பகல்காமில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின்னர் காஷ்மீரின் சில சுற்றுலா இடங்கள் மூடப்பட்டதையும் நினைவில் கொள்ளுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் அரசின் அறிவிப்புகளைப் பாருங்கள். பிரயாணத்தைக் கைவிட நேர்ந்தால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும்.

தேகத்தை ஆயத்தம் செய்தல்

1. வைத்தியப் பரிசோதனை. ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு, பழைய முழங்கால் காயம், இரத்தசோகை ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், உயரமும் குளிரும் சேர்ந்த இடத்திற்குப் போகலாமா என்று குடும்ப வைத்தியரிடம் குறிப்பாகக் கேளுங்கள். உயர நோய்க்குரிய மாத்திரையை அவர் சொல்லாமல் கொடுத்தனுப்பக் கூடாது.
2. ஒரு தாள். இரத்த வகை, ஒவ்வாமை, உண்ணும் மருந்துகள், கடைசியாகப் போட்ட டெட்டனஸ் ஊசியின் தேதி, சிகிச்சைக்கான உங்கள் சம்மதக் கையெழுத்து ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பொறுப்பாசிரியரிடமும் மற்றொன்றைப் பிள்ளையின் மேற்சட்டைப் பையிலும் வையுங்கள்.
3. ஆறு வாரப் பயிற்சி. பனிச்சறுக்கில் முதலில் சோர்வது தொடை. நாள்தோறும் இருபது நிமிஷம் மாடிப்படி ஏறி இறங்குதலும், தோப்புக்கரணமும், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல் நிற்றலும், ஒற்றைக் காலில் நிற்றலும் போதுமானவை. நாற்காலி நிலையில் ஒரு நிமிஷம் நடுக்கமின்றி நிற்க முடிந்தால் கால்கள் ஓரளவு தயார் என்று கொள்ளலாம்.

மூட்டையில் வைக்க வேண்டியவை

குளிருக்குக் கனத்த ஒரே உடையை நம்புவதைக் காட்டிலும் மெல்லிய மூன்று அடுக்குகளை நம்புவது மேல். ஏனெனில் பழகுகிறபோது வியர்க்கும், நின்றால் உறையும். அடுக்கைக் கழற்றவும் மாட்டவும் வசதி வேண்டும்.

1. உள்ளடுக்கு: கம்பளியாலோ பாலியெஸ்டராலோ ஆன, உடலோடு ஒட்டிய மேலாடையும் கால்சட்டையும், இரண்டு ஜோடி.
2. நடு அடுக்கு: ஃபிளீஸ் அல்லது கம்பளிச் சட்டை.
3. வெளியடுக்கு: காற்றும் நீரும் புகாத ஜாக்கெட்டும் காற்சட்டையும். இவை வாடகைக்கும் கிடைக்கும்.
4. கை: நீர் புகாத தடித்த கையுறை இரண்டு ஜோடி. ஒன்று நனைந்தால் மற்றொன்று.
5. கால்: முழங்காலுக்குக் கீழ்வரை ஏறும் கம்பளிக் காலுறை மூன்று ஜோடி.
6. கண்: கருங்கண்ணாடியும், முகத்தோடு பொருந்தும் காகிள்ஸும்.
7. சருமம்: எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், உதட்டுக்குப் பூசும் தைலம்.
8. சிற்றுண்டி: சட்டைப்பையில் அடங்கும் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, உலர்ந்த திராட்சை.
9. பெண் பிள்ளைகளுக்கு: மாதவிலக்குக்கு வேண்டியவற்றை இங்கிருந்தே போதிய அளவு வைத்தனுப்புங்கள், பனிமூட்டத்தில் கடை தேடி அலைய நேரக் கூடாது.

செய்யக் கூடாதவை: பருத்திப் பனியனை உள்ளே அணிவிப்பது, அது வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும். ஜீன்ஸ் காற்சட்டை, அது நனைந்தால் உலராது. தலைக்கவசத்திற்குள் மங்கி குல்லாய். கவசம் தலையைக் கவ்விப் பிடிக்காமல் விலகிவிடும். முகத்திற்குத் தேங்காய் எண்ணெய் போதுமென்று நம்புவது; அது வெயிலைத் தடுக்காது என்பதோடு, அந்தக் குளிரில் சீசாவிலேயே கட்டியாக உறைந்துவிடும்.

பிரயாண வரிசை

1. முதலிரவை ஸ்ரீநகரில் கழிக்கச் செய்யுங்கள். அது சுமார் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து புறப்பட்ட தேகம், அன்றைக்கே 2,650 மீட்டருக்கு ஏறாமல், இடையில் ஓரிரவு இளைப்பாறுவது நலம்.
2. குல்மார்க்குக்குக் கீழே சுமார் 13 கிலோமீட்டரில் உள்ள தங்மார்க்கில், பனி மிகுந்த நாட்களில் சக்கரத்தில் சங்கிலி பூட்டிய வண்டிக்கோ நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிக்கோ மாற வேண்டியிருக்கும். அந்த வண்டி ஏற்பாட்டாளரால் முன்கூட்டியே அமர்த்தப்பட்டிருக்கட்டும்.
3. வெளி மாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை. போஸ்ட்பெய்டு இணைப்பை ஒரு மாதம் முன்னரே வாங்கிக் கொடுங்கள். இதை மறந்த பெற்றோர், விமானம் இறங்கிய நேரம் முதல் பிள்ளையின் குரல் கேளாமல் தவிக்க நேரும்.
4. குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் வடியும். பேசாத நேரத்தில் உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும்.
5. திரும்பும்போது ஸ்ரீநகர் விமான நிலையத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். நிலையத்தை அடையுமுன்னரே மூட்டைகளை இறக்கிச் சோதிப்பது அங்கே வழக்கம்.
6. பனிப்பொழிவால் விமானங்கள் ரத்தாவது குளிர்காலத்தில் அபூர்வமன்று. திரும்பிய மறுநாளே தேர்வோ திருமணமோ இல்லாதபடி இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். அதற்குரிய பணத்தையும் தனியே வைத்தனுப்புங்கள்.

சரிவில் முதல் மூன்று நாட்கள்

இந்தப் பகுதியைப் பிள்ளையே படிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்.

*பூட்ஸ் அணியும் முறை.* பனிச்சறுக்கில் பாதித் துன்பம் பொருந்தாத பூட்ஸால் வருவது. ஆகையால் வாடகைக் கடையில் அவசரப்படாதே.

1. ஒரே ஒரு காலுறை அணிந்து, சுருக்கமின்றி இழுத்துவிடு. குளிருக்குப் பயந்து இரண்டு அணிந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, விரல்கள் முன்னிலும் அதிகமாக உறையும். உள்கால்சட்டையின் நுனியைப் பூட்ஸுக்குள் திணிக்காதே.
2. காலை நுழைத்தபின் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னுக்குத் தள்ளு. பிறகு கொக்கிகளை மாட்டு.
3. நிமிர்ந்து நில். விரல் நுனி பூட்ஸின் முன்சுவரை மெல்லத் தொட வேண்டும்.
4. முழங்காலை வளைத்து முன்னே சாய். இப்போது விரல்கள் சிறிது பின்வாங்க வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. எழும்பினால் பூட்ஸ் பெரிது. நிமிர்ந்தும் சாய்ந்தும் விரல் நசுங்கினால் சிறிது.
5. பத்து நிமிஷம் கடைக்குள்ளேயே நட. மரத்துப்போனால் மாற்றிக் கேள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் மாற்றிக் கேள்.

*பைண்டிங்.* பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் இந்தப் பூட்டு, விழும்போது தானே விடுபட்டால்தான் கால் தப்பும். அது எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்பது உன் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடி நீளம் ஆகியவற்றைப் பொறுத்து அமைக்கப்படுவது. எடையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதே. 'நன்றாகத் தெரியும்' என்று பெருமை பேசாதே. தோழனின் பலகையை மாற்றி அணியாதே. பலகையின் நீளம், நிறுத்தி வைத்தால் உன் மோவாய்க்கு மேற்படாதிருப்பது கற்போர்க்குச் சௌகரியம்.

*விழுதலும் எழுதலும்.* நிற்கக் கற்பதற்கு முன் விழக் கற்றுக்கொள்.

1. சமநிலை தவறுவது உறுதி என்று தெரிந்தவுடன், மேட்டுப் பக்கமாகப் பக்கவாட்டில் சாய்ந்து உட்கார். கையை ஊன்றித் தடுக்க முயலாதே, ஊன்றுகோலைக் கைவிட்டுவிடு. கோலைப் பற்றியவாறே விழுவதால் கட்டைவிரலின் மூட்டு நார் கிழிவது பனிச்சறுக்கில் பழகிப்போன காயம்.
2. உடல் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயலாதே. முழங்கால் திருகிக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். நிற்கும்வரை பொறு.
3. பலகைகள் இரண்டையும் உன் உடலுக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாகக் கொண்டுவா.
4. மேட்டுப் பக்க விளிம்புகளைப் பனியில் பதியவைத்து, கோல்களை ஊன்றி, இடுப்பைப் பலகைக்கு நேராகக் கொண்டுவந்து எழு. முடியாவிட்டால் மேட்டுப் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு எழு, அதில் இழுக்கில்லை.

*நிறுத்துதல்.* பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகற்றி, உள்விளிம்புகளை அழுத்தும் ஆப்பு வடிவ நிலையைப் பயிற்சியாளர்கள் 'பிட்சா' என்று அழைப்பார்கள். அந்த நிலையில் நினைத்த இடத்தில் நிற்க வரும்வரை வேறு சரிவுக்கு ஏறாதே.

*சரிவின் சட்டங்கள்.* சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் வகுத்துள்ள பத்து நடத்தை விதிகள் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டவை. அவற்றின் சாரம்: முன்னே செல்பவருக்கே உரிமை, பின்வருபவரே விலக வேண்டும், உன் திறமைக்கும் பனியின் தன்மைக்கும் ஏற்ற வேகத்தில் போ, புறப்படுமுன் மேலே திரும்பிப் பார், குறுகலான இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத வளைவிலும் நிற்காதே, கால்நடையாக ஏறினால் ஓரமாக ஏறு, அறிவிப்புப் பலகைக்குக் கீழ்ப்படி, யாருக்கேனும் அடிபட்டால் நின்று உதவு.

*இரண்டு வாக்கியங்கள்.* ஹிந்தி தெரியாவிட்டாலும் 'ருக்கோ' என்றால் நில்லுங்கள் என்பதும், 'தர்த் ஹோ ரஹா ஹை' என்றால் வலிக்கிறது என்பதும் மனப்பாடமாக இருக்கட்டும்.

அபாயங்களும் பரிகாரங்களும்

பனிச்சரிவு. குல்மார்க்கில் கோண்டோலாவை ஒட்டிய ஒரு குறிப்பிட்ட பரப்பைத்தான் காவற்படையினர் கண்காணித்துப் பாதுகாக்கின்றனர். அதற்கு வெளியே உள்ள மலை முழுவதும் காப்பற்றது. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் மலையில் பனி சரிந்து போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். 2024 பிப்ரவரியில் ரஷ்ய நாட்டவர் ஒருவர் மாண்டார். ஆதலால் எல்லைக்கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது பேரத்திற்கு இடமில்லாத கட்டளை. தாண்டினால் அன்றே பிரயாணம் முடிந்தது என்று புறப்படுமுன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். குல்மார்க் பாராமுல்லா மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்திற்கு வெளியாகும் பனிச்சரிவு எச்சரிக்கைகளை நீங்களும் வீட்டிலிருந்து கவனித்து வரலாம்.

உயரம். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதலிரண்டு நாட்களில் தோன்றலாம். தோன்றினால் மேலே ஏறக் கூடாது. ஓய்வும் வெந்நீரும் போதாமல் தொல்லை வளர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

குளிர். விரல், மூக்கு நுனி, காது மடல் வெளுத்து உணர்ச்சியற்றுப் போனால் உள்ளே அழைத்துவந்து, அக்குளிலோ வெதுவெதுப்பான நீரிலோ வைத்துச் சூடேற்ற வேண்டும். பனியால் தேய்ப்பதும், நேரே நெருப்பில் காட்டுவதும் சதையைக் கெடுக்கும். நடுக்கம் மிகுந்து, பேச்சுக் குழறி, கால் தடுமாறும் பிள்ளைக்கு வைத்திய உதவி அவசரம்.

வெயில். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி வீசும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது அக்கதிர்களும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். மேகமூட்டத்திலும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. கழற்றியவருக்கு அன்றிரவு கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற வேதனை உண்டாகும்.

அறைக்குள் இருக்கும் அபாயம். இதை நம் பெற்றோர் நினைத்தே பார்ப்பதில்லை. காஷ்மீரில் அறையைச் சூடாக்கும் 'புகாரி' என்னும் விறகு அடுப்பும், எரிவாயு ஹீட்டரும், கரி நிறைத்த 'காங்கிரி' என்னும் நெருப்புச் சட்டியும், மூடிய அறையில் இரவு முழுவதும் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகலாம். படுக்குமுன் நெருப்பை அணைக்க வேண்டும். ஜன்னலில் சிறிது திறப்பு வேண்டும். தலைவலியோடு விழித்தால் உடனே கதவைத் திறந்து வெளியேற வேண்டும். மின்சாரப் போர்வை உள்ள விடுதியே இளையோர்க்கு ஏற்றது.

களைப்பு. பிற்பகலில் 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று ஏறும்போதுதான் களைத்த கால் கட்டுக்கு அடங்காமல் போகிறது. தொடை நடுங்கத் தொடங்கியதும் பலகையைக் கழற்றிவிட வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

வீட்டோடு பேசுதல்

1. நாளுக்கு ஒரே முறை, இரவு உணவுக்குப் பின் பேசுவதென்று நேரம் குறியுங்கள். சரிவில் இருக்கும்போது அழைக்காதீர்கள். கையுறையைக் கழற்றிக் கைப்பேசியைத் தேடும் பிள்ளை, பின்னால் வருபவரைப் பார்ப்பதில்லை.
2. 'சாப்பிட்டாயா, போர்த்திக்கொண்டாயா' என்பவற்றோடு நிறுத்தாமல், 'இன்றைக்கு எங்கே விழுந்தாய்? எது கஷ்டமாக இருந்தது?' என்று கேளுங்கள். விழுவது இயல்பு என்ற பாவனையில் கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.
3. 'அம்மா, முழங்கால் வலிக்கிறது, நாளைக்குப் போக வேண்டாமென்று பார்க்கிறேன்' என்று பிள்ளை சொன்னால், கட்டிய பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். 'நல்லது கண்ணா, ஆசிரியரிடம் காட்டிவிட்டு ஓய்வெடு' என்பதே பதில். கட்டிய கட்டணம் வீணானாலும், அந்தப் பதிலால் பிள்ளை கற்றுக்கொள்வது வீணாகாது.
4. அழைப்பு வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது, பிறகு யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: முதலில் பொறுப்பாசிரியர், பிறகு விடுதி, பிறகு பயிற்சி நிறுவனம். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பனிப்பொழிவில் அறுந்துபோவதுண்டு. ஆகையால் ஒரு வேளை அழைப்புத் தவறியதற்கே கலங்க வேண்டாம்.
5. அவசர உதவிக்கு 112, சிறார் உதவிக்கு 1098 என்ற எண்கள் பிள்ளைக்குப் பாராமல் தெரிந்திருக்கட்டும். உடனிருக்கும் பெரியவரே தகாத முறையில் நடந்தாலும், யாருடைய அனுமதியும் கேளாமல் வீட்டை அழைக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

பெற்றோர் செய்யும் ஐந்து பிழைகள்

1. பயத்தை மறைக்கப் புத்திமதியைப் பெருக்குவது. புறப்படும் நாளில் ஐம்பது புத்திமதி சொன்னால் ஒன்றும் நிற்காது. எல்லைக்கயிறு, தலைக்கவசம், அறை நெருப்பு, களைப்பு ஆகிய நான்கை மட்டும் சொல்லுங்கள்.
2. அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஊக்குவிப்பது. ஒப்பீட்டுக்கு அஞ்சும் பிள்ளை தன் சக்திக்கு மீறிய சரிவில் ஏறும்.
3. வீடியோ அனுப்பச் சொல்வது. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு சறுக்குவது கற்போர்க்கு அபாயம்.
4. புதிய பூட்ஸை இங்கிருந்தே அளவு பாராமல் வாங்கியனுப்புவது.
5. திரும்பியதும் சான்றிதழையும் பதக்கத்தையும் முதலில் கேட்பது.

கடைசி வாரத்தில் எடுக்கும் முடிவு

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, நடத்துபவரின் எழுத்துப் பதில்கள், வைத்தியரின் அனுமதி, பனிச்சறுக்கைப் பெயர் சொல்லி ஏற்கும் காப்பீடு, போஸ்ட்பெய்டு இணைப்பு, இரண்டு நாள் இடைவெளி ஆகிய ஐந்தும் கைவசம் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் மூன்றில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு அழுகை கிளம்பினாலும், அனுப்பாதீர்கள். ஐந்தும் நிறைந்திருக்குமானால், உங்கள் மனம் கலங்குகிறது என்ற ஒரே காரணத்திற்காகத் தடுக்காதீர்கள். அந்தக் கலக்கம் உங்களுடையது, அதைப் பிள்ளையின் மூட்டையில் வைத்தனுப்ப வேண்டியதில்லை. வேண்டிய ஆயத்தத்தைச் செய்துவிட்டு, நிறுத்திக்கொள்ளும் உரிமையையும் கையில் கொடுத்து, மலர்ந்த முகத்தோடு வழியனுப்புங்கள்.